மெமரி இன்டெக்ரிட்டி இயங்க மறுக்கிறது: பொருந்தாத இயக்கியை முறையாக அகற்றுவது எப்படி?

வெள்ளவத்தை_கணக்காளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் சிறிய கணக்காய்வு அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றதால் அலுவலகக் கணினிகள் அனைத்தையும் விண்டோஸ் 11 க்கு மேம்படுத்தினோம். அவற்றுள் ஒன்றில் மட்டும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குரிய கேடயத்தின்மேல் மஞ்சள் முக்கோணம் தோன்றுகிறது. உள்ளே டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் என்று சென்றால் மெமரி இன்டெக்ரிட்டி (தீய நிரல்கள் விண்டோஸின் மையப் பகுதிக்குள் நுழையாமல் காக்கும் வசதி) நிறுத்தப்பட்டிருப்பதாகவும், பொருந்தாத இயக்கிகளை, அதாவது சாதனங்களை விண்டோஸுடன் இணைத்து இயக்கும் டிரைவர் மென்பொருள்களை, சரிசெய்த பின்னர் மீண்டும் முயலுமாறும் சொல்கிறது. பட்டியலில் இரண்டு இயக்கிகள் உள்ளன. ஒன்று, முன்னர் பாவித்த வெளிவாரி வன்தட்டு ஒன்றுக்குரியது. அந்த வன்தட்டு இப்போது அலுவலகத்திலேயே இல்லை. மற்றையது, பழைய சம்பளப் பட்டியல் மென்பொருளைத் திறக்கப் பயன்படும் யூஎஸ்பி டொங்கிளுக்குரியது. அது மாதந்தோறும் தேவைப்படுகிறது.

பம்பலப்பிட்டியில் கணினி வாங்கிய கடையில் விசாரித்தபோது, "டிஸ்மிஸ்" என்பதை அழுத்தினால் முக்கோணம் மறைந்துவிடும், கவலை வேண்டாம் என்றார்கள். முக்கோணம் மறையும், ஆனால் அந்தப் பாதுகாப்பு இயங்கப் போவதில்லை அல்லவா? வாடிக்கையாளர்களின் வரி விபரங்களும் ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல்களும் இருக்கும் கணினி என்பதால் இதை முறையாகத் தீர்க்க விரும்புகிறேன். டிவைஸ் மனேஜரில் தேடினால் அந்த வன்தட்டின் பெயரே தென்படவில்லை என்பது மேலதிகக் குழப்பம்.

கொட்டாஞ்சேனை_வலையமைப்பு

கடையில் சொன்னது எச்சரிக்கையை மறைக்கும் வழியே தவிரத் தீர்வு அல்ல என்று நீங்கள் ஊகித்தது சரி. மேலே செல்ல முன் சில விபரங்கள் தேவை. பட்டியலில் ஒவ்வொரு இயக்கியின் பெயருக்கும் அருகிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் வெளியிட்ட நிறுவனம், இயக்கியின் திகதி, பதிப்பு ஆகியவற்றுடன் "பப்ளிஷ்ட் நேம்" என்றொரு வரியும் வரும். அது "ஓஈஎம்" என்று தொடங்கி, ஓர் எண்ணுடன், "டொட் ஐஎன்எஃப்" என்று முடியும். இரண்டுக்கும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று சொல்லுங்கள். டிவைஸ் மனேஜரில் சாதனம் தென்படாததற்குக் காரணம், அது இப்போது இணைக்கப்பட்டிருக்காததுதான். "வியூ" பட்டியலில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டுமாறு தெரிவுசெய்தால், முன்னர் எப்போதோ இணைக்கப்பட்டவை மங்கிய உருவங்களாகத் தோன்றும்.

வெள்ளவத்தை_கணக்காளர்

நன்றி. இரண்டுக்கும் ஓஈஎம் பெயர் இருக்கிறது. வன்தட்டின் இயக்கி 2015 ஆம் ஆண்டுத் திகதியைக் காட்டுகிறது. மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்ததும் அதன் மங்கிய உருவமும் வந்துவிட்டது.

வேகவழி

இதற்கு ஏன் இவ்வளவு விசாரணை? சிஸ்டம்32 இற்குள் டிரைவர்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து, அந்தப் பெயருள்ள சிஸ் கோப்பை, அதாவது இயக்கியின் நிரல் இருக்கும் கோப்பை, அழித்துவிட்டுக் கணினியை மீள்தொடக்கம் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் என் நண்பர்கள் பலருக்கு இப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருவரும் திரும்பி வந்து முறையிட்டதில்லை.

திருத்தகம்_தெஹிவளை

வேகவழி சொல்லும் முறை சில வேளைகளில் பலன் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் திருத்தகத்துக்கு வரும் கணினிகளில் கணிசமானவை இப்படிப் பாதி அகற்றப்பட்ட இயக்கிகளோடு வருபவையே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

விண்டோஸ் ஓர் இயக்கியை நிறுவும்போது அதன் முழுப் பொதியையும், அதாவது நிறுவும் விபரங்கள் அடங்கிய ஐஎன்எஃப் கோப்பு, சிஸ் கோப்பு, கையொப்பம் அடங்கிய கட்டலொக் கோப்பு ஆகிய அனைத்தையும், முதலில் டிரைவர்ஸ்டோர் என்ற களஞ்சியத்துக்குள் படியெடுத்து வைக்கிறது. சிஸ்டம்32 இன் கீழ் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரிப்போசிட்டரி என்ற கோப்புறைதான் அந்தக் களஞ்சியம். டிரைவர்ஸ் கோப்புறையில் காணப்படும் சிஸ் கோப்பு அங்கிருந்து எடுக்கப்பட்ட பிரதி மட்டுமே. பிரதியை அழித்தாலும் மூலப்பொதி களஞ்சியத்தில் அப்படியே இருக்கும். அந்தச் சாதனத்தை மறுபடி இணைத்தவுடன் இயக்கியும் மறுபடி வந்து அமர்ந்துவிடும். அதற்கும் மேலாக, அந்த இயக்கியைத் தொடங்குமாறு விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்ட பதிவு அநாதையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அழித்த கோப்பு வன்தட்டுக் கட்டுப்படுத்தி போன்ற தொடக்கத்துக்கு இன்றியமையாத ஒன்றினுடையதாக இருந்தால் கணினி நீலத் திரையோடு நின்றுவிடும். பெயரை மட்டும் பார்த்து இது எந்த வகை என்று எல்லோராலும் சொல்லிவிட முடியாது.

ஆகவே கணக்காளர் ஐயா, முறையான வழி இது. முதலில், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளியை உருவாக்கிக்கொள்ளுங்கள். வன்தட்டை மறைகுறியாக்கும் பிட்லொக்கர் இயங்கினால் அதன் மீட்புத் திறவுகோலையும் கணினிக்கு வெளியே எங்காவது குறித்து வையுங்கள். ஏதேனும் பிசகி மீட்புத் திரைக்குள் செல்ல நேர்ந்தால் அந்தத் திறவுகோல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, "பிஎன்பியூட்டில்" கட்டளையை "எனம்-டிரைவர்ஸ்" தெரிவுடன் இயக்குங்கள். விண்டோஸுடன் வராத, பிறரால் வெளியிடப்பட்ட இயக்கிகள் முழுவதும் பட்டியலாக வரும். அதில் உங்கள் ஓஈஎம் எண்ணுக்கு நேரே உள்ள மூலப்பெயரும் வெளியிட்டவர் பெயரும் செக்யூரிட்டித் திரையில் கண்டவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். இந்த எண் கணினிக்குக் கணினி மாறும் என்பதை மறக்க வேண்டாம். யாரோ ஒருவர் தன் கணினியில் 12 என்று எழுதியதைப் பார்த்து அதே எண்ணைத் தட்டச்சு செய்து, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த வை-ஃபை இயக்கியை அகற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண் உறுதியானதும் அதே கட்டளையின் "எக்ஸ்போர்ட்-டிரைவர்" தெரிவைக் கொண்டு அந்தப் பொதியை வேறொரு கோப்புறையில் பிரதியெடுத்து வையுங்கள். திரும்பத் தேவைப்பட்டால் அங்கிருந்தே நிறுவலாம். இதன் பின்னர்தான் "டிலீட்-டிரைவர்" தெரிவு. அதனோடு "அன்இன்ஸ்டோல்" என்பதையும் சேர்த்தால் அந்த இயக்கியைப் பாவிக்கும் சாதனங்களிலிருந்தும் அது விலக்கப்படும். பலர் எடுத்த எடுப்பிலேயே "ஃபோர்ஸ்" என்பதையும் சேர்க்கச் சொல்வார்கள். நான் சேர்க்க மாட்டேன். அது இல்லாமல் கட்டளை மறுத்தால், ஏதோ ஒரு சாதனம் அந்தப் பொதியை இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது எதுவென்று அறிந்த பிறகு வற்புறுத்தலாம்.

வன்தட்டிலிருந்த தரவுக்கு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. வெளிவாரி வன்தட்டுகள் தரவைப் பரிமாறுவது விண்டோஸுடன் வரும் பொதுவான யூஎஸ்பி சேமிப்பு இயக்கியின் வழியாகத்தான். நிறுவனங்கள் தனியாகத் தரும் இயக்கி பெரும்பாலும் பெட்டியின் விளக்கு, பூட்டு போன்ற மேலதிக வசதிகளுக்கானது. அந்த வன்தட்டுக்குக் கடவுச்சொல் பூட்டு போட்டிருந்தால் மட்டும், அது இப்போது யாரிடம் இருக்கிறதோ அவரிடம் சொல்லிப் பூட்டை முதலில் எடுத்துவிடச் செய்யுங்கள்.

வேகவழி

விளக்கத்துக்கு நன்றி. ஒரு கேள்வி: செக்யூரிட்டித் திரையில் சில வேளைகளில் சிஸ் கோப்பின் பெயர் மட்டும் வருகிறது, ஓஈஎம் பெயர் வருவதில்லை. அந்த நிலையில் உங்கள் கட்டளை எதைப் பிடிக்கும்?

திருத்தகம்_தெஹிவளை

எதையும் பிடிக்காது. அப்படிப்பட்டவை சாதனத்துக்கான பொதியாக வராமல், ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவி நேரடியாகச் சேவையாகப் பதிந்த இயக்கிகள். விசிறியின் வேகத்தை மாற்றும் கருவிகள், சில விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்புப் பகுதிகள், பழைய வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களின் எச்சங்கள் ஆகியவை இந்த வகையில் அதிகம். சிஸ் கோப்பின் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்த்து யாருடையது என்று கண்டுபிடித்து, உரிய மென்பொருளை அகற்ற வேண்டும். மென்பொருள் ஏற்கெனவே போய்விட்டு எச்சம் மட்டும் நிற்குமானால், சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ஓட்டோரன்ஸ் கருவியின் டிரைவர்ஸ் பக்கத்தில் அதை முதலில் முடக்கிப் பார்த்து, எல்லாம் சரியாக இயங்கினால் நீக்கலாம்.

மொறட்டுவை_மாணவி

அண்ணா, அடிப்படையான ஒரு கேள்வி. நேற்று வரை இயங்கிய ஓர் இயக்கி இன்று "பொருந்தாதது" ஆவது எப்படி? அதிலும் நிறுவனத்தின் செல்லுபடியான கையொப்பம் உள்ள இயக்கி?

கொட்டாஞ்சேனை_வலையமைப்பு

நல்ல கேள்வி. இயக்கி மாறவில்லை, அது பின்பற்ற வேண்டிய விதி மாறியிருக்கிறது.

மெமரி இன்டெக்ரிட்டி இயங்கும்போது விண்டோஸ் தன் ஹைப்பர்வைசர் என்ற, கணினியை மெய்நிகராகப் பிரிக்கும் மென்பொருள் அடுக்கைக் கொண்டு கணினியை இரண்டு நம்பிக்கை மட்டங்களாகப் பிரிக்கிறது. நாம் பாவிக்கும் செயலிகளும், இயங்குதளத்தின் மையப் பகுதியான வழக்கமான கேர்னலும், எல்லா இயக்கிகளும் கீழ் மட்டத்தில் இருக்கின்றன. ஒரு நிரற்றொகுப்பு கேர்னலுக்குள் இயங்கத் தகுதியானதா என்று பரிசோதிக்கும் பகுதி மேல் மட்டத்தில், கீழிருந்து எட்டித் தொட முடியாதபடி தனியே வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதி அனுமதித்த நினைவகப் பக்கங்கள் மட்டுமே இயங்க முடியும். அப்படி இயங்கும் பக்கத்தில் எழுத முடியாது; எழுதக்கூடிய பக்கம் இயங்க முடியாது.

பழைய இயக்கிகள் பலவற்றில் இந்த ஒழுங்கு இல்லை. கேர்னலில் நினைவகம் கேட்கும்போது இயங்காத வகையாகத் தருமாறு கேட்கும் வசதி விண்டோஸ் 8 இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பழக்கத்தில் எழுதப்பட்டவை, வெறும் தரவை வைப்பதற்குக்கூட இயங்கக்கூடிய நினைவகத்தையே கேட்கின்றன. வேறு சிலவற்றில் சிஸ் கோப்பின் பகுதிகள் 4096 பைட் பக்க எல்லையில் ஒழுங்காக அமையாததால், நிரலும் தரவும் ஒரே பக்கத்தைப் பகிர்கின்றன. இரண்டும் தீய நோக்கத்தால் செய்யப்பட்டவை அல்ல. இயக்கியை எழுதியவர் அன்று நடைமுறையிலிருந்த வழியில் எழுதினார், பின்னர் நிறுவனம் அதைத் திருத்தி வெளியிடவில்லை, அவ்வளவுதான். கையொப்பம் "இதை இவர்தான் வெளியிட்டார்" என்பதற்குச் சான்று. அதன் கட்டமைப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வெள்ளவத்தை_கணக்காளர்

எங்கள் துறை மொழியில் சொன்னால், காசோலையை எழுதுபவரும் கையொப்பமிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற உள்ளகக் கட்டுப்பாடு போல் இருக்கிறது. நன்றாகப் புரிகிறது.

கிரான்ட்பாஸ்_கேமர்

எதிர்க்கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். மெமரி இன்டெக்ரிட்டி கணினியின் வேகத்தைக் குறைக்கிறது. விளையாடும்போது தேவையானால் அதை நிறுத்திவைக்கலாம் என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே 2022 இல் தன் ஆதரவுப் பக்கத்தில் எழுதியது. அவர்களே நிறுத்தலாம் என்று சொல்லும் ஒன்றுக்காக இத்தனை பாடு தேவைதானா?

கொட்டாஞ்சேனை_வலையமைப்பு

அந்தப் பக்கம் இருப்பது உண்மை. ஆனால் நிறுத்தினால் சாதனம் அச்சுறுத்தல்களுக்கு உட்படலாம், விளையாடி முடித்ததும் மீண்டும் இயக்குங்கள் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. வேக இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவானதும் அல்ல. இன்டெல்லின் கேபி லேக் எனப்படும் 7 ஆம் தலைமுறை முதலும், ஏஎம்டியின் சென் 2 முதலும் உள்ள செயலிகளில் இந்தப் பரிசோதனைக்கான வன்பொருள் ஆதரவு உள்ளே இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் அதே வேலையை மென்பொருளே பாவனையாகச் செய்ய வேண்டியிருப்பதால் இழப்பு கூடுதலாகத் தெரியும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் செயலிகள் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறை முதற்கொண்டவை. கணக்கேடு திறந்து தட்டச்சு செய்யும் கணினியில் வித்தியாசத்தை உணரவே முடியாது.

நிறுத்தி வைப்பதன் விலை என்ன என்பதற்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 2020 இல் ரொபின்ஹூட் என்ற கப்பம் கோரும் நிரலை ஏவியவர்கள், கிகாபைட் நிறுவனத்தின் கையொப்பமுள்ள பழைய இயக்கி ஒன்றைத் தாங்களே கொண்டுவந்து கணினியில் நிறுவினார்கள். அதிலிருந்த சிவிஇ-2018-19320 என்று பட்டியலிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டையின் வழியாகக் கேர்னலின் நினைவகத்தில் எழுதி, கையொப்பப் பரிசோதனையையே முடக்கி, பின்னர் தங்களுடைய கையொப்பமற்ற இயக்கியை ஏற்றிப் பாதுகாப்பு மென்பொருள்களை அழித்தார்கள். 2022 இல் பிளாக்பைட் குழு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் கருவியின் இயக்கியைக் கொண்டு இதையொத்த வேலையைச் செய்தது. மெமரி இன்டெக்ரிட்டி இயங்கும் கணினியில் பரிசோதனை செய்யும் பகுதி மேல் மட்டத்தில் இருப்பதால், கீழிருந்து ஒரு மதிப்பை மாற்றி எழுதி அதை முடக்க முடியாது. அத்துடன் ஓட்டையுள்ள இயக்கிகளின் தடைப்பட்டியலும் அமுலாகிறது. இது எல்லாத் தாக்குதலையும் நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. கேர்னலின் தரவை மட்டும் மாற்றும் தாக்குதல்களுக்கு இன்னும் இடமுண்டு. ஆயினும் கப்பக்காரர்கள் விரும்பும் மிக எளிய பாதை அடைபடுகிறது. வீட்டில் விளையாடும் கணினியை நீங்கள் எப்படி வைத்தாலும் அது உங்கள் விருப்பம். பிறருடைய சம்பள விபரங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

வெள்ளவத்தை_கணக்காளர்

திருத்தகம் சொன்னபடியே வன்தட்டின் பொதியைப் பிரதியெடுத்துவிட்டு அகற்றினேன். வற்புறுத்தத் தேவை ஏற்படவில்லை. மீள்தொடக்கத்தின் பின்னர் பட்டியலில் டொங்கிள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆனால் சிக்கலானது அதுதான். சம்பளப் பட்டியல் மென்பொருளை எழுதிக் கொடுத்த நிறுவனம் இப்போது இயங்கவில்லை. டொங்கிள் இல்லாமல் மென்பொருள் திறக்காது. பழைய வருடங்களின் பதிவுகள் அதற்குள்தான் இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 1 ஆக மாற்றினால் இயக்கி இருக்கும்போதே மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கிவிடலாம் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். செய்யலாமா?

திருத்தகம்_தெஹிவளை

வேண்டாம், ஐயா. திரையிலுள்ள பொத்தானை அழுத்தும்போது விண்டோஸ் முன்கூட்டியே இயக்கிகளைப் பரிசோதித்துப் பொருந்தாதது இருந்தால் மறுப்பது ஒரு தயவு. ரெஜிஸ்ட்ரி வழியாகச் சென்றால் அந்தப் பரிசோதனையைத் தாண்டிவிடுகிறீர்கள். பொருந்தாத இயக்கி அதன் பின்னர் ஏறாது என்பதால் டொங்கிள் எப்படியும் வேலை செய்யாது. கெட்ட நேரமானால் கணினியே தொடங்காது.

நீங்கள் தேட வேண்டியது மென்பொருளை எழுதிய நிறுவனத்தை அல்ல. உள்ளூர் மென்பொருள் நிறுவனங்கள் டொங்கிளைத் தாங்களாகச் செய்வது அரிது. அதற்கென்றே இருக்கும் வெளிநாட்டு உற்பத்தியாளரிடம் வாங்கித் தங்கள் பெயரை ஒட்டுவார்கள். சிஸ் கோப்பின் பண்புகளில் கையொப்பமிட்டவரின் பெயரைப் பாருங்கள். அந்த உற்பத்தியாளர் இன்னும் இயங்கினால், பழைய டொங்கிள்களையும் ஏற்கும் புதிய இயக்கியை அவருடைய தளத்திலேயே எதிர்பார்க்கலாம். "எல்லா இயக்கிகளும் இலவசம்" என்று விளம்பரம் செய்யும் மூன்றாந்தரப்புத் தளங்களை மட்டும் நாட வேண்டாம்; பாதுகாப்புக்காகத் தொடங்கிய வேலை அங்கேதான் பாழாகும்.

புதிய இயக்கி கிடைக்காவிட்டால், அந்த மென்பொருளுக்கென்று ஒரு பழைய கணினியை ஒதுக்கி, வலையமைப்புக் கம்பியையும் வை-ஃபையையும் துண்டித்து, மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் இயக்குங்கள். ஒரு டொங்கிளுக்காக அன்றாடம் மின்னஞ்சல் திறக்கும் கணினியின் பாதுகாப்பைக் கைவிடுவது எந்த வகையிலும் கட்டுபடியாகாது.

மொறட்டுவை_மாணவி

புதிய இயக்கி பொருந்துமா என்பதை நிறுவ முன்னரே அறிய வழியுண்டா?

கொட்டாஞ்சேனை_வலையமைப்பு

நிறுவ முன்னர் என்றால், உற்பத்தியாளரின் வெளியீட்டுக் குறிப்புகளில் மெமரி இன்டெக்ரிட்டி அல்லது அதன் மறுபெயரான எச்விசிஐ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எளிது. நிறுவிய பின்னர் என்றால், மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கும் எச்விசிஐஸ்கேன் என்ற சிறிய கருவியை நிர்வாகி உரிமையுடன் இயக்கினால் பொருந்தாதவை எவை என்று சொல்லிவிடும். ஈவென்ட் வியூவரில் கோட் இன்டெக்ரிட்டி, அதற்குள் ஒபரேஷனல் என்ற பதிவேட்டில் 3087 என்ற எண்ணுடன் வரும் நிகழ்வுகளும் இதே விடயத்தைப் பற்றியவைதான்.

வெள்ளவத்தை_கணக்காளர்

கையொப்பத்தில் இருந்தது நான் கேள்விப்பட்டே இராத ஓர் உற்பத்தியாளரின் பெயர். அவர்களுடைய தளத்தில் புதிய இயக்கி இருந்தது. பழைய பொதியை அதே முறையில் அகற்றி, கணினியை மீள்தொடக்கம் செய்து, புதியதை நிறுவிய பின்னரே டொங்கிளைச் செருகினேன். சம்பளப் பட்டியல் மென்பொருள் வழக்கம்போல் திறக்கிறது. பொருந்தாத இயக்கிகளின் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி இயங்குகிறது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தில் இயங்கும் மெய்நிகர் பாதுகாப்புச் சேவைகளுக்கு எதிரே ஹைப்பர்வைசர் வலியுறுத்தும் கோட் இன்டெக்ரிட்டி என்று வருவதையும் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் அதே வகை வன்தட்டைக் கொண்டுவந்து இந்தக் கணினியில் செருகினால் பழைய இயக்கி மறுபடி வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடாதா?

திருத்தகம்_தெஹிவளை

நிறுத்தாது. மெமரி இன்டெக்ரிட்டி ஏற்கெனவே இயங்கும் கணினியில் பொருந்தாத இயக்கி வந்தால் தோற்பது இயக்கிதான். இந்தச் சாதனத்தில் ஓர் இயக்கியை ஏற்ற முடியவில்லை என்ற அறிவித்தல் தோன்றும். வன்தட்டு பொதுவான சேமிப்பு இயக்கியின் வழியாகத் திறந்துகொள்ளும், கோப்புகளை வழமைபோல் பிரதியெடுக்கலாம். அந்த அறிவித்தலைக் கண்டதும் அலுவலகத்தில் யாராவது மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்திப் பார்க்கலாம் என்று எண்ணக்கூடும். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும் என்பதால், ஊழியர்களின் கணக்குகள் சாதாரண பயனர் கணக்குகளாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.